பழைய ஜீப்பின் இழுவையும் எண்ணெய்ச் செலவும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில், பொழுது புலர்வதற்கு முன்னரே ஜீப்புகளின் உறுமல் கேட்கத் தொடங்கிவிடும். ஏலத் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள் அவை. அவற்றுள் பல, இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தவை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் முனகிக்கொண்டும், கரும்புகையைக் கக்கிக்கொண்டும் அவை ஏறுவதைக் காண்பவர்கள், "கிழட்டு வண்டி, இதற்கு மேல் எப்படி இழுக்கும்?" என்று இரக்கப்படுவதுண்டு. இந்த இரக்கம் பொருத்தமானதுதானா என்பதை இன்று ஆராய்ந்து பார்ப்போம். பல்தொழிற் கல்லூரியில் எந்திரவியல் கற்பித்தவன் நான். வகுப்பில் சொன்ன கணக்குகளுக்கு இந்த மலைப்பாதையைவிடச் சிறந்த உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஜீப் என்ற வண்டி 1941ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைகளுக்காகப் பெருந்தொகையாக உற்பத்தியாகத் தொடங்கியது. போர் முடிந்தபின் அது வயலுக்கும் காட்டுக்கும் வந்தது. நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் அதனைத் தயாரித்தது. முதலில் பெட்ரோல் எஞ்சின். பின்னர், பிரெஞ்சு நிறுவனமான பெஜோவின் வடிவமைப்பைத் தழுவிய டீசல் எஞ்சின். நான் இங்கே பேச எடுத்துக்கொண்டது அத்தகைய டீசல் ஜீப்பைத்தான். கொள்ளளவு இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகம். ஆற்றல் ஏறத்தாழ 60 குதிரைத்திறன்.

அறுபது குதிரைத்திறன் இந்த மலைக்குப் போதுமா? கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். ஆட்களுடன் வண்டியின் எடை 2,000 கிலோகிராம் என்று கொள்வோம். நூறு மீட்டர் சென்றால் எட்டு மீட்டர் உயரும் செங்குத்தான இடம் ஒன்றில், வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் புவியீர்ப்பு விசை ஏறக்குறைய 1,570 நியூட்டன். சக்கரங்கள் உருளும்போது ஏற்படும் தடை சுமார் 300 நியூட்டன். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஏறினால், இவ்விரண்டையும் வெல்வதற்குச் சுமார் 13 கிலோவாட், அதாவது 18 குதிரைத்திறனுக்கும் குறைவாகவே தேவைப்படுகிறது. பற்சக்கரங்களில் வீணாவதைச் சேர்த்தாலும் இருபதை ஒட்டித்தான் நிற்கும். ஆகவே, அந்தச் சரிவில் அந்த வேகத்தில் திணறும் வண்டி சிறிய எஞ்சினை உடையது அன்று. நோயுற்ற எஞ்சினை உடையது. இந்த வேறுபாட்டை உணராமையால் மக்கள் எவ்வளவோ பணத்தை இழக்கிறார்கள்.

அவ்வாறு இழக்கவிருந்த ஒருவரை நான் அறிவேன். இந்தப் பாதையில் நெடுங்காலமாக வண்டி ஓட்டும் நண்பர் அவர். "வாத்தியாரையா, வண்டி இழுக்கமாட்டேன் என்கிறது, எண்ணெயை மட்டும் குடிக்கிறது. வேறு எஞ்சின் மாற்றிவிடு என்று பட்டறையில் சொல்கிறார்கள்," என்று ஒரு நாள் வந்தார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒதுக்கியிருந்த தொகையை அதற்குக் கொடுக்க அவர் ஏறக்குறைய முடிவு செய்திருந்தார். "ஒரு மாதம் பொறுங்கள், அண்ணே. முதலில் அது என்ன நோய் என்று பார்ப்போம்," என்றேன்.

டீசல் எஞ்சினின் உயிர் காற்றில் இருக்கிறது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானிய அறிஞர் 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் கால் பங்குக்குச் சற்று மேலாகவே வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி எஞ்சின்களோடு ஒப்பிட்டால் இது பெரும் வியப்பு. அதன் தத்துவம் எளியது. உருளைக்குள் காற்றை மட்டும் இழுத்து, அதை இருபதில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்கினால், அது 500 பாகை செல்சியசுக்கும் மேலே சூடாகிறது. அந்தச் சூட்டில் எண்ணெயைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் வண்டியில் இருப்பது போன்ற தீப்பொறிக் கருவி இங்கே இல்லை, நெருக்கமே தீக்குச்சி.

ஒரு லிட்டர் டீசல் முழுவதும் எரியவேண்டுமானால், குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். நடைமுறையில் அதற்கும் மேல். நம் பழைய ஜீப்புக்கு எவ்வளவு காற்றை உள்ளே விடுவது என்பதில் ஓட்டுபவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. காலால் அழுத்தும்போது கூடுவது எண்ணெய் மட்டுமே. இருக்கிற காற்றுக்கு மேல் எண்ணெய் போனால், மிகுதி எரியாமல் கரியாகி வெளியே வருகிறது. நாம் காணும் கரும்புகை அதுவே. காசு கொடுத்து வாங்கிய எண்ணெயை, பின்னால் வரும் பேருந்தில் உள்ள குழந்தைகளின் நுரையீரலுக்குள் ஊதுகிறோம். மலையின் மேலே, கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் உயரத்தில், காற்றின் அடர்த்தி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கீழே புகையாத வண்டிகூட மேலே சற்றுப் புகைவதன் காரணம் இதுதான்.

இப்பொழுது நோயைத் தேடுவோம். முதலில் காற்று வடிகட்டி. செம்மண் பாதையில் ஓடும் வண்டிக்கு அது சில வாரங்களிலேயே அடைத்துவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு மலையேறுவது எப்படியோ அப்படித்தான். அடுத்தது, பட்டறைக்காரர்கள் டேப்பட் என்று கூறும் வால்வு இடைவெளி. அது குறைந்துபோனால் வால்வு சரியாக மூடாது, நெருக்கப்பட்ட காற்று கசியும், சூடு குறையும், எண்ணெய் தாமதமாகப் பற்றும். ஓரங்குலத்தில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அளவான இடைவெளி அது. அதைத் திருத்த ஒரு தகடும் ஒரு திருகுசாவியும் ஒரு காலைப்பொழுதும் போதும்.

நாசில் என்று வழங்கும் தெளிப்பான் இவற்றைவிட நுட்பமானது. வளிமண்டல அழுத்தத்தைப்போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் எண்ணெயை அது பனிப்புகை போலத் தெளிக்கவேண்டும். தேய்ந்த தெளிப்பானோ குழந்தையின் வாயிலிருந்து பால் ஒழுகுவது போலச் சொட்டும். பெரிய சொட்டின் மேற்புறம் மட்டுமே எரிய நேரம் கிடைக்கிறது, நடுப்பகுதி கரியாகிவிடும். நான்கு தெளிப்பான்களையும் கழற்றி, சோதனை மேடையில் ஏற்றி, தெளிப்பைக் கண்ணால் பார்ப்பதே சரியான வழி. அவற்றோடு, எண்ணெய் தெளிக்கும் நேரத்தையும் சரிபார்க்க வேண்டும். சில பாகை பிந்தினாலும் இழுவை போய்விடும்.

நம் நாட்டில் பரவலாக உள்ள ஒரு பழக்கத்தைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தெர்மோஸ்டாட் என்ற சிறு வால்வு இருக்கிறது. குளிர்நீர் சுமார் 80 பாகைக்குச் சூடாகும்வரை அது மூடியிருக்கும். "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்று இதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது, உண்மையில் பிழை. டீசல் எஞ்சினுக்குத் தன் சூடு வேண்டும். உருளையின் சுவர் குளிர்ந்திருந்தால் எரிப்பின் வெப்பம் வேலையாக மாறாமல் சுவர் வழியே ஓடிவிடுகிறது. மசகெண்ணெய் கெட்டியாக இருந்து உராய்வைக் கூட்டுகிறது. உருளையும் விரைவில் தேய்கிறது. அதிகாலைக் குளிரில் புறப்படும் மலை ஜீப்புக்கு இது இரட்டிப்பு நட்டம். நண்பரின் வண்டியிலும் அந்த வால்வு இல்லை. அடைத்த வடிகட்டி, ஒழுகும் தெளிப்பான்கள் இரண்டு, இறுகிப்போன வால்வுகள் ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்தே எஞ்சினை முடமாக்கியிருந்தது. எல்லாவற்றையும் சீராக்க ஆன செலவு, புது எஞ்சினுக்குச் சொன்ன விலையில் ஒரு சிறு பகுதியே.

இன்னொரு யோசனையையும் அவரிடம் சிலர் கூறியிருந்தார்கள். எண்ணெய் பம்பில் உள்ள ஒரு திருகைச் சற்றுத் திருப்பினால் இழுவை கூடும் என்பது அது. கூடும் என்பது பொய்யன்று. ஆனால் காற்று கூடவில்லை; எண்ணெய் மட்டுமே கூடுகிறது. புகை பெருகும், கழிவுவாயுவின் சூடு ஏறும், பிஸ்டனும் வால்வும் அதற்கு விலை கொடுக்கும். காற்றையும் கூட்டவேண்டும் என்றால் டர்போ வேண்டும். கழிவுவாயுவின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் காற்றைத் திணிக்கும் இந்தக் கருவிக்கு, சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூகி 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். மிக நல்ல கருவி. ஆனால் அதற்கென்று வலுவாக அமைந்த எஞ்சினுக்கே நல்லது. தேய்ந்த பழைய எஞ்சினில் அதைப் பூட்டுவது, முதியவரின் முதுகில் மூட்டையை ஏற்றுவதற்கு ஒப்பாகும். மேலும், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தியமைப்பதைத் தடுக்கிறது. எஞ்சினை மாற்றுவதற்கு உரிய அனுமதி வேண்டும். எண்ணெய்க் குழாயில் காந்தம் கட்டினால் செலவு பாதியாகும் என்று விற்பவர்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இவ்வகைக் கருவிகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்தது. ஒரு சிலவே சிறிதளவேனும் பயன் தந்தன.

எஞ்சின் நலமடைந்தபின், செலவைத் தீர்மானிப்பது ஓட்டும் முறைதான். ஜீப்பின் உருவம் ஒரு பெட்டி; காற்றைக் கிழிக்காது, முட்டித் தள்ளும். காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி உயர்கிறது. என் கணக்கின்படி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அத்தடை சுமார் 100 நியூட்டன், 60இல் 230, 80இல் 410. உருளும் தடை 300ஐக் கூட்டினால், 60இல் மொத்தம் 530, 80இல் 710. ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல் ஆற்றல் உள்ளது. அதில் ஐந்தில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று கொண்டால், சமவெளியில் 60 கி.மீ. வேகத்தில் லிட்டருக்குப் பதின்மூன்றரை கிலோமீட்டரும், 80இல் பத்துக் கிலோமீட்டரும் ஓடலாம். போடியிலிருந்து தேனிக்குச் சுமார் நான்கு நிமிடம் முந்திப் போவதற்கு இது சற்று அதிகமான விலையே. சக்கரத்தில் காற்றுக் குறைந்தாலும், பிரேக்கு உரசிக்கொண்டே இருந்தாலும், அந்த 300 இன்னும் பெருகும். ஓட்டத்தை நிறுத்தியவுடன் சக்கரங்களின் நடுவில் கையை நெருக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள், தொடத் தேவையில்லை. ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கே உங்கள் எண்ணெய் எரிந்திருக்கிறது. நான்கு சக்கர இயக்கத்தைத் தார்ச்சாலையில் போடுவதும் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் செல்வதால் தண்டுகள் முறுக்கிக்கொள்ளும்.

மலையிறக்கத்தில் மட்டும் சிக்கனம் உயிரோடு விளையாடுகிறது. எண்ணெய் மிச்சமாகும் என்று கியரை நியூட்ரலில் தள்ளி உருளவிடுவோர் உண்டு. எஞ்சினையே நிறுத்திவிடுவோரும் உண்டு. ஆயிரம் மீட்டர் இறங்கும் 2,000 கிலோகிராம் வண்டி கிட்டத்தட்ட 20 மெகாஜூல் ஆற்றலை எங்காவது விட்டாக வேண்டும். அறுபது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. ஒரு பகுதியைச் சக்கரமும் காற்றும் ஏற்கும். மீதி முழுவதும் பிரேக்குகளில் இறங்கும். பிரேக்கு சூடேறினால் பிடிப்பு தளரும். எஞ்சின் நின்றுவிட்டாலோ, பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிட பம்பும் நின்றுபோய், மிதி கல்லாகிவிடும். இத்தனை ஆபத்துக்கும் மிச்சம் என்ன? ஒன்றுமில்லை. கியரிலேயே இறங்கும்போது, மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டால், பம்பின் கவர்னர் எண்ணெயை அறவே நிறுத்திவிடுகிறது. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் உருளும் எஞ்சின்தான் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ள எண்ணெய் குடிக்கிறது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது, பாதுகாப்பும் சிக்கனமும் ஒருங்கே கலந்த சொல்.

செலவைச் சரியாக அளப்பது எப்படி என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. தொட்டியை விளிம்புவரை நிரப்பி, குறைந்தது முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்கில் அதே இடத்தில் நிறுத்தி மீண்டும் நிரப்பவேண்டும். ஒரே முறை அளந்து முடிவு கட்டலாகாது. மூன்று நான்கு முறையின் சராசரி வேண்டும். தூரமானியையும் நம்பிவிடக்கூடாது. அழகுக்காகப் பெரிய டயர் மாட்டிய வண்டியில், சக்கரச் சுற்றளவு பத்தில் ஒரு பங்கு கூடினால், பதினொரு கிலோமீட்டர் ஓடியதை மானி பத்தென்றே காட்டும். நெடுஞ்சாலைக் கிலோமீட்டர்க் கற்கள் இருபதை எண்ணி ஒப்பிட்டால் பிழை தெரிந்துவிடும். நண்பர் இவ்வாறே கற்களை எண்ணி, மலையும் சமவெளியும் கலந்த தம் பாதையில், முன்பு லிட்டருக்கு ஒன்பதாக இருந்தது பதினொன்றுக்குச் சற்று மேலே வந்திருப்பதைக் குறித்துவைத்தார். வடிகட்டியை எந்த நாளில் மாற்றினார் என்பதும், தெளிப்பான்களை அடுத்து எப்பொழுது சோதிக்கவேண்டும் என்பதும் அதே ஏட்டில் இருக்கின்றன.