பார்த்து நிற்கும் மாணாக்கர்

பள்ளிகளில் நிகழும் பகடிவதையைப் பற்றிப் பேசுங்கால் நம் எண்ணம் இருவர்மீதே செல்லுகின்றது. வதைப்பவனைத் தண்டிக்கின்றோம், வதைபட்டவனுக்கு ஆறுதல் கூறுகின்றோம். அவ்விருவரையும் சூழ்ந்து நின்ற பிள்ளைகளை, "வகுப்புக்குப் போங்கள்" என்று கலைத்துவிடுகின்றோம். ஆயினும், பகடிவதை நீடிப்பதும் நின்றுபோவதும் பெரிதும் அப்பிள்ளைகளையே பொறுத்தவை என்பதை ஆய்வாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். ஆசிரியர்கள் அறிந்து பயன்கொள்ளத்தக்க செய்தி இது.

கனடா நாட்டின் டொராண்டோ நகரத் தொடக்கப்பள்ளிகளில் ஹாக்கின்ஸ், பெப்ளர், கிரேக் என்னும் மூவர் ஓர் ஆய்வு நடத்தினர். விளையாட்டுத் திடலைப் படம்பிடித்தனர்; பிள்ளைகள் அணிந்திருந்த சிறு ஒலிவாங்கிகளின் வாயிலாக அவர்தம் பேச்சையும் பதிவுசெய்தனர். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வின்படி, பகடிவதை நிகழ்ச்சிகளுள் நூற்றுக்கு 88இல் பிற பிள்ளைகள் உடனிருந்தனர். அவர்களுள் யாரேனும் குறுக்கிட்டது நூற்றுக்கு 19 நிகழ்ச்சிகளில்தான். ஆனால், அவ்வாறு குறுக்கிட்டவற்றுள் நூற்றுக்கு 57இல் பத்து விநாடிக்குள் வதை நின்றுவிட்டது!

வாளாவிருப்பது ஏன்?

அங்ஙனமாயின், ஏனைய பிள்ளைகள் இரக்கமற்றவர்களா? இல்லை. அமெரிக்க உளநூலார் லத்தானே, டார்லி ஆகிய இருவர் 1968இல் வெளியிட்ட சோதனை இதற்கு விளக்கம் தருகின்றது. ஓர் அறையில் ஆட்களை அமர்த்தி, சுவரின் வழியே புகை வரச் செய்தனர். தனித்திருந்தவருள் நூற்றுக்கு 75 பேர் எழுந்து சென்று அதனை அறிவித்தனர். முன்னேற்பாட்டின்படி வேறிருவர் உடனிருந்து புகையைப் பொருட்படுத்தாதிருந்தபோதோ, நூற்றுக்கு 10 பேரே அறிவித்தனர். பிறர் முகத்தைப் பார்த்தே நாம் ஒன்றின் கடுமையை அளக்கின்றோம். திடலிலும் இதுவே நிகழ்கின்றது. ஒவ்வொரு பிள்ளையும் மற்றவர் அமைதியைக் கண்டு, இது பெரிதன்று என்று எண்ணிக்கொள்கின்றது. அடுத்து நம்மீது பாய்வானோ என்னும் அச்சமும் அதனோடு சேர்ந்துகொள்கின்றது. வதைப்பவனோ அவ்வமைதியை உடன்பாடாகவே கொள்ளுகின்றான்.

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகப் பேராசிரியை கிறிஸ்தீனா சால்மிவல்லி 1996இல் இதனை ஆராய்ந்து, வதைப்பவனுக்குத் துணைபோவோர், சிரித்து ஊக்குவோர், ஒதுங்கி நிற்போர், காப்போர் எனச் சூழ்ந்திருப்போரை வகைப்படுத்தினார். அவ்வறிவின்மீது எழுந்ததே 'கீவா' என்னும் பள்ளித்திட்டம். வகுப்பிலுள்ள அனைவர்க்கும் உரையாடல் வழியாகவும் நடிப்பின் வழியாகவும் காக்கும் முறை கற்பிக்கப்படுகின்றது. வதைபட்ட பிள்ளைக்கு உறுதுணையாக, வகுப்பில் மதிப்புள்ள சில பிள்ளைகளை ஆசிரியர் தனியே அழைத்துப் பேசுகின்றார். 78 பள்ளிகளில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரிடையே சோதித்ததில், பகடிவதை முற்றும் ஒழியாவிடினும் குறைந்தது. 2009 முதல் அது நாடெங்கும் பரவலாயிற்று.

நாம் செய்யத்தக்கவை

"தைரியமாக இரு" என்னும் அறிவுரை மட்டும் போதாது. இன்னது செய் என்று காட்டுதல் வேண்டும். கேலியைக் கேட்டுச் சிரியாதிருத்தல் முதற்படி. "வா, சாப்பிடப் போகலாம்" என்று வதைபடுபவனைக் கையோடு அழைத்துச் செல்லுதல் அடுத்தது. தனியே அஞ்சினால் இருவர் மூவராகச் செல்லலாம். அடிதடியாயின், இடையிற் புகாமல் ஆசிரியரிடம் ஓடிவரவேண்டும். எல்லாம் முடிந்தபின் அப்பிள்ளையின் அருகில் போய் அமர்வதும் பேருதவியே. இவற்றைத் தமிழ்ப் பாடவேளையிலேயே உரையாடலாக எழுதச் செய்து நடிக்கவைக்கலாம்.

கோள் வேறு, முறையீடு வேறு என்பதையும் பிள்ளைகளுக்குத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ஒருவனை இன்னலில் மாட்டிவிடச் சொல்வது கோள்; இன்னலிலிருந்து ஒருவனை மீட்கச் சொல்வது முறையீடு. அஞ்சி அஞ்சி வந்து சொல்லும் பிள்ளையிடம், "உன் வேலையைப் பார்" என்று நாம் கடிந்துகொண்டால், அப்பிள்ளை மறுமுறை வாராது. ஆதலின், அதன் பெயரை வெளியிடாமல் காத்து, அன்றே உசாவி, ஆவன செய்தல் ஆசிரியர் கடன்.