நம் இணைய வாசல் திறந்திருக்கிறதா?



காலையில் கடை வாசல் தெளித்து, ஊதுபத்தி காட்டி, தராசைச் சரிபார்த்த பிறகே முதல் போணியைத் தொடங்குவது நம் வழக்கம். ஆனால் பணம் கொடுத்து வெப்சைட் போட்ட பிறகு, அந்த வாசல் திறந்திருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? நான் ஒன்றரை வருடம் பார்க்கவில்லை.

எங்களுடையது பருப்பு, வற்றல் மொத்த வியாபாரம். எங்களிடம் நெடுநாளாகச் சரக்கு எடுத்துவந்த மளிகைக்காரர் ஒருவர் ஓய்வெடுத்துக்கொள்ள, அவர் மகன் கடைக்கு வந்தார். இரண்டு மாதமாக ஆர்டர் இல்லை. விசாரித்தபோது, "அண்ணாச்சி, ஒங்க வெப்சைட்ல இருக்க நம்பருக்கு நாலு தடவை அடிச்சேன், யாரும் எடுக்கல. அவசரத்துக்கு வேற எடத்துல எடுத்துட்டேன்" என்றார். அது நாங்கள் எப்போதோ விட்டுவிட்ட தரைவழி எண்!

அன்றுதான் விழித்துக்கொண்டேன். இணையதளங்களைச் சோதிப்பதில் பெயர்பெற்ற டென்மார்க் நாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன், சோதனைக்கு ஐந்து பேர் போதும் என்று 2000ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். அந்த ஐந்து பேரிலேயே சுமார் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. எனவே மண்டிக்கு வந்த ஐந்து பேரை ஒருவர்பின் ஒருவராக உட்காரவைத்து, அவரவர் செல்போனிலேயே மூன்று வேலைகள் கொடுத்தேன்.

1. துவரம் பருப்பு 50 கிலோ மூட்டையின் இன்றைய விலையைக் கண்டுபிடியுங்கள்.
2. எங்கள் கடைக்குப் போன் செய்யுங்கள்.
3. உங்கள் ஊருக்கு எங்கள் லாரி வருமா என்று பாருங்கள்.

நிபந்தனை ஒன்றே. நாம் வாய் திறக்கக்கூடாது. "அங்கே தொடுங்க" என்று சொல்லத் துடிக்கும். சொல்லிவிட்டால் சோதனை வீண். வீட்டில் இருந்து பார்க்கிற வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் நின்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

விலையை மூன்று பேரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பட்டியல் பொடி எழுத்தில் இருந்தது. தேதியும் ஆறு மாதம் பழையது. தொலைபேசி எண் படத்துக்குள் இருந்ததால், தொட்டால் அழைப்பு போகவில்லை. லாரி விவரம் எங்குமே இல்லை. கோடவுன் படங்கள் பெரிதாக இருந்ததால் பக்கம் திறக்கவே நேரம் பிடித்தது. ஒருவர் பாதியிலேயே போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரியவேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. அதன் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற இலவசச் சோதனையில் நம் முகவரியைக் கொடுத்தால் எத்தனை விநாடி என்று காட்டிவிடும்.

எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழ்வதில் பயனில்லை. கடையில் ஏறி இறங்கியவர் எத்தனை பேர் என்றா கணக்கு எழுதுகிறோம்? வந்தவரில் போன் செய்தவர் எத்தனை பேர், சரக்கு எடுத்தவர் எத்தனை பேர் என்பதே கணக்கு. அழைப்பவரிடம் "எங்கே பார்த்து அழைக்கிறீர்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்தாலே போதும்.

இணையத்திலேயே நுகர்வோருக்கு விற்பவர்களுக்கு மற்றொன்றும் சொல்லவேண்டும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, நிறுவனத்தின் சட்டப்பூர்வமான பெயர், முகவரி, குறைதீர் அலுவலரைத் தொடர்புகொள்ளும் விவரம் ஆகியவை தளத்தில் தெளிவாகத் தெரியவேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும்.

எங்கள் தளத்தில் இப்போது முதல் வரியே தொலைபேசி எண்தான். அடுத்தது அன்றைய விலை, தேதியோடு. தினமும் காலையில் அதை மாற்றும் பொறுப்பைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்திருக்கிறோம். சோதனைக்கு ஆன செலவு ஐந்து டீயும் வடையும்தான்.

அந்தத் தம்பி திரும்ப வந்துவிட்டார். ஆனால் பாதிச் சரக்குதான் எங்களிடம், மீதி அந்தப் புது இடத்தில். போனது முழுவதும் திரும்புவதில்லை. ஆகவே அன்பர்கள் இந்த வாரமே, கல்லாவில் உட்கார்ந்தபடி உங்கள் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே ஒரு முறை அடித்துப் பாருங்கள்.