பூட்டு பெய்ஜிங்கில், கதவு குவாங்சோவில்

1834-இல் குவாங்சோ வணிகர் வூ பிங்ஜியானின் சொத்து 2 கோடியே 60 லட்சம் வெள்ளி டாலர் என்று மதிப்பிட்டார்கள். அன்றைய உலகில் அந்த அளவுக்குப் பணம் வைத்திருந்த வியாபாரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 'காண்டன்' என்று இந்த ஊரைச் சொன்ன வெள்ளைக்காரர்களுக்கு அவர் 'ஹவுக்குவா'. இத்தனை செல்வத்துக்கும் வேர், பெய்ஜிங்கிலிருந்து வந்த ஓர் அரசாணை.

குவாங்சோவின் முத்து ஆற்றங்கரைத் துறைமுகம் அந்த ஆணையைவிட மிகப் பழையது. டாங் அரசர்கள் காலத்திலேயே அரபு, பாரசீகக் கப்பல்கள் இங்கே வந்தன. தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியாகச் சென்ற பௌத்தத் துறவி வஜ்ரபோதி 8-ஆம் நூற்றாண்டில் கரையிறங்கியதும் இங்கேதான். 879-இல் ஹுவாங் சாவோ என்ற கலகத் தலைவன் ஊரைப் பிடித்து அயல்நாட்டு வணிகர்களை வெட்டிச் சாய்த்தான். ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் என்று அரபு நூலாசிரியர் அபூ சைது எழுதுகிறார். எண்ணிக்கையை நம்புவது கடினம்; படுகொலையை மறுக்க முடியாது.

ஆணைக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வடக்கே நிங்போவிலும் கடை போடப் பார்த்தார்கள். எரிச்சலடைந்த பேரரசர் சியான்லாங், மேற்கத்தியக் கப்பல்களுக்கு இனி குவாங்சோ ஒன்றுதான் துறைமுகம் என்று 1757-இல் உத்தரவிட்டார். நகரச் சுவருக்கு வெளியே, ஆற்றோரத்துத் துண்டு நிலத்தில் வரிசையாக அயல்நாட்டு வணிகர்களின் கிட்டங்கிகள். வியாபாரப் பருவம் முடிந்ததும் அவர்கள் அவற்றைக் காலிசெய்துவிட்டு மக்காவோவுக்குப் போய்விட வேண்டும். மனைவிமாரை அழைத்துவரத் தடை. சீன மொழி கற்றுக்கொடுக்கவும் தடை. கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் ஃபிளின்ட் பெய்ஜிங்வரை மனு போகச் செய்தார். அவருக்கு மூன்றாண்டுச் சிறை, மனுவை எழுத உதவிய சீனருக்கு மரண தண்டனை.

அயலாருடன் வியாபாரம் செய்யும் உரிமை சில 'ஹாங்' வணிகர்களுக்கு மட்டும். ஒவ்வொரு கப்பலுக்கும் அவர்களில் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். மாலுமி குடித்துவிட்டுத் தகராறு செய்தாலும், சுங்கம் பாக்கி விழுந்தாலும் கழுத்துக்குக் கத்தி ஜாமீன்தாரருக்குத்தான். ஒருவர் திவாலானால் கடனை மற்றவர்கள் அடைக்க வேண்டும். அதிகாரிகள் கறந்தது தனிக் கணக்கு. ஹவுக்குவா விலகிக்கொள்ளப் பார்த்தும் விடவில்லை. ஏகபோகம் என்று இதைப் பொறாமையோடு எழுதுகிறவர்கள் உண்டு. பாதி பிணைக்கைதி வாழ்க்கை என்பேன்.

தேயிலைக்கு ஈடாகக் கம்பெனி கொடுத்தது பெரும்பாலும் வெள்ளிதான். அதைச் சரிக்கட்ட வந்தது அபின். பிகாரில் விளைந்ததைக் கம்பெனியே கல்கத்தாவில் ஏலம் விட்டது. சீனாவுக்குக் கடத்தியவர்கள் தனியார் வணிகர்கள். பம்பாய்ப் பார்சி வணிகர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் போன்றோர் இதில் கொழித்தார்கள். 1839 மார்ச்சில், அபினை ஒழிக்கப் பேரரசர் அனுப்பிய ஆணையர் லின் சேசூ வந்து கிட்டங்கிகளை முற்றுகையிட்டார். அபினைக் கொடுத்துவிடுங்கள் என்று ஆங்கிலேயரிடம் கெஞ்ச, எழுபது வயதை நெருங்கிய ஹவுக்குவாவைக் கழுத்தில் சங்கிலியோடு அனுப்பினார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் வந்தன. ஹூமனில் உப்பும் சுண்ணாம்பும் சேர்த்துக் கரைத்துக் கடலில் விட்டார்கள்.

போர் வந்தது. 1841-இல் நகரைத் தாக்காமலிருக்க ஆங்கிலேயர் கேட்ட விலை 60 லட்சம் டாலர். அதில் 11 லட்சம் ஹவுக்குவாவின் பங்கு. மறுவருடம் நான்ஜிங் உடன்படிக்கை ஹாங் முறையை ஒழித்து ஐந்து துறைமுகங்களைத் திறந்தது. 1843-இல் அவர் இறந்தார்.

அடிபட்டது ஊர்தான். தேயிலையும் பட்டும் விளையும் மாவட்டங்களுக்கு ஷாங்காய் பக்கம். அதுவரை மெய்லிங் கணவாயைத் தாண்டித் தலைச்சுமையாகச் சரக்கைக் கொண்டுவந்த கூலிகளும் படகோட்டிகளும் பிழைப்பை இழந்தார்கள். 1856 டிசம்பரில் கிட்டங்கிகள் தீக்கு இரையாயின.

ஆனால் பெய்ஜிங் மறுபடியும் இந்தக் கதவையே தேர்ந்தெடுத்தது. 1957-இல், அமெரிக்கா சீனாவுடன் வணிகத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், அந்நியச் செலாவணி ஈட்டக் குவாங்சோவில் ஏற்றுமதிச் சந்தை தொடங்கியது. ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும். ஹாங்காங் வழியாக வந்த வியாபாரிகள் லோ வூ பாலத்தை நடந்து கடந்து, எல்லைக்கு அப்பால் வேறு ரயில் ஏறி வந்தார்கள்.