முகக்கவரிக்குப் பின்னால் யார்? ஒளிப்படமும் வெப்பப்படமும்



கோவிட் காலத்தில் பள்ளிகள் மீண்டும் திறந்த நாள்கள் ஞாபகம் இருக்கிறதா? பாசிர் கூடாங்கில் எங்கள் பள்ளி வாசலில் முகக்கவரியோடு நின்ற ஒரு மாணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "டீச்சர், நான்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றான். "அந்தக் கண்ணு போதாதாடா?" என்றேன்.

நமக்கு இவ்வளவு சுலபமாக இருப்பது கணினிக்கு ஏன் சிரமம்? அன்று நெற்றிக்கு நேரே பிடித்த வெப்பமானியின் தத்துவம் இதற்கு உதவுமா?

1. இரண்டு வகைப் படம்

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். சாதாரணக் கேமரா, முகத்தில் பட்டுத் திரும்பும் இந்த ஒளியைப் பதிவு செய்கிறது. வெளிச்சம் இல்லையென்றால் படமும் இல்லை.

வெப்பக் கேமரா, தோல் தானாகவே வெளியிடும் அகச்சிவப்புக் கதிரைப் பதிவு செய்கிறது. இதன் அலைநீளம் ஏறத்தாழ 8 முதல் 14 மைக்ரோமீட்டர். அதனால் இருட்டிலும் படம் கிடைக்கும்.

2. மாறுவேடம் எங்கே மாட்டிக்கொள்கிறது?

நன்றாக ஒட்டிய தாடி, ஒளிப்படத்தில் அசல் தாடி மாதிரியே இருக்கும். வெப்பப்படத்தில், அது மூடிய இடம் வெறும் தோலைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். ஆனால், அசல் தாடியும் அப்படித்தான் தெரியும்! ஆக, வெப்பப்படம் "இது போலி" என்று சொல்வதில்லை. "இங்கே வெறும் தோல் இல்லை" என்று மட்டுமே சொல்கிறது.

மூக்குக்கண்ணாடியைப் பாருங்கள். அது இந்தக் கதிரை ஊடுருவ விடாது. ஒளிப்படத்தில் தெளிவாகத் தெரியும் கண்கள், வெப்பப்படத்தில் மறைந்துவிடும். ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் இருப்பதால்தான் இரண்டும் தேவை.

3. டில்லி ஆய்வு

டில்லியிலுள்ள இந்திரபிரஸ்தா தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சா சிங், மயங்க் வத்சா குழுவினர் 2013இல் இதை ஆராய்ந்தனர். 75 பேருக்கு விக், ஒட்டுத்தாடி, கண்ணாடி, தொப்பி, முகமூடி போன்றவற்றை அணிவித்து, இரு வகையிலும் தலா 681 படங்கள் எடுத்தனர்.

அவர்கள் செய்த முறை இதுதான்:

- முகத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிப்பது
- எந்தக் கட்டம் அசல் முகம், எது மறைப்பு என்று இரு படங்களையும் கொண்டு முடிவு செய்வது
- மறைப்பை ஒதுக்கிவிட்டு, மிச்சக் கட்டங்களை மட்டும் ஒப்பிடுவது

நான் மாணவனின் கண்ணை மட்டும் பார்த்தேனே, அதே உத்திதான்! இக்குழுவினரின் 2014ஆம் ஆண்டு ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: பழகிய முகமாக இருந்தால் மாறுவேடத்திலும் மனிதர்கள் நன்றாக அடையாளம் காண்கிறார்கள்.

4. தவறினால்?

2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், கடைத் திருட்டுக் காணொளியில் இருந்த தொப்பிக்காரரின் மங்கலான படத்தை, வேறொருவரின் ஓட்டுநர் உரிமப் படத்தோடு மென்பொருள் பொருத்திவிட்டது. அந்த நிரபராதி, மனைவி மக்கள் கண்முன்னே கைதாகி, ஏறத்தாழ 30 மணி நேரம் காவலில் இருந்தார். கணினி தருவது ஒரு துப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல. இதை மாணவர்கள் மனத்தில் பதிய வைப்பது நம் கடமை.

தேர்வு மாணவர்களுக்கு

1. "பட்டுத் திரும்பும் ஒளி", "வெளியிடப்படும் கதிர்" இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.
2. சிந்திக்க: ஓடி முடித்தவுடன் எடுத்த வெப்பப்படம் ஏன் மாறுபடும்? (குறிப்பு: இரத்த ஓட்டம், வியர்வை.)
3. கட்டுரைப் பயிற்சி: "முக அடையாளத் தொழில்நுட்பத்தின் நன்மை தீமைகள்". தீமையை எழுதும்போது, மேலே சொன்ன சம்பவத்தைச் சான்றாகக் காட்டுங்கள்.