மழைநீர் போட்ட எல்லை

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் எங்கேயாவது அழைத்துப் போகச் சொல்லிக் கேட்பார்கள். தூரத்து ஊர்களுக்குப் போகக் கையில் காசு வேண்டும். ஆனால் பத்து காவானில் இருப்பவர்கள் ஒரே பகலில் போய்த் திரும்பக்கூடிய எல்லைப் பட்டணம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் கிரியான் ஆற்றங்கரையில் உள்ள நிபோங் தெபால். சந்தைக்கும் மருந்துக்கும் எத்தனையோ முறை அங்கே போயிருப்பீர்கள். ஒருமுறை அதன் கதையைத் தெரிந்துகொண்டு போய்ப் பாருங்கள்.

சிம்பாங் அம்பாட், சுங்கை பாக்காப், ஜாவி வழியாகப் போனால் நிபோங் தெபால் வரும். நிபோங் என்பது முள் நிறைந்த ஒரு பனை வகை. தெபால் என்றால் தடித்தது என்று பொருள். பட்டணத்தை ஒட்டிக் கிரியான் ஆறு கடலை நோக்கிப் போகிறது. ஆற்றின் மேல்பக்கம் சற்றுத் தொலைவில், வடகரையில் கெடா மாநிலத்தின் பண்டார் பாருவும், எதிரே தென்கரையில் பேராக் மாநிலத்தின் பாரிட் புந்தாரும் இருக்கின்றன. இப்படி மூன்று மாநிலங்கள் கூடுகிற இடம் இது.

இந்த எல்லை எப்படி வந்தது? 1786-ல் ஆங்கிலக் கம்பெனியார் பினாங்குத் தீவில் குடியேறினார்கள். 1800-ல் எதிர்க்கரையையும் கேட்டு, கெடா சுல்தானுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதன்படி வடக்கே மூடா ஆறு முதல் தெற்கே கிரியான் ஆறு வரையுள்ள கடலோர நிலம் கம்பெனியிடம் போயிற்று. தீவுக்கும் இந்தக் கரைக்குமாகச் சேர்த்து ஆண்டுக்குப் பத்தாயிரம் ஸ்பானிய வெள்ளி தருவதாகப் பேச்சு. அந்தக் கரையைத்தான் வெல்லெஸ்லி மாகாணம் என்றார்கள். இன்று அது செபராங் பிறை. பத்து காவானும் அதற்குள் அடக்கம்.

அப்போது கிரியான் ஆறுதான் தெற்கு எல்லை. பிறகு 1874-ல் பேராக்கில் யார் சுல்தான் என்ற தகராறு எழுந்தபோது, ஆங்கிலேயர் தலையிட்டுப் பங்கோர் உடன்படிக்கையைச் செய்தார்கள். அதில் இந்த ஆற்றைப் பற்றியும் ஒரு பிரிவு இருந்தது. தெற்குப் பக்கத்திலிருந்து எந்த நிலத்தின் நீர் கிரியான் ஆற்றில் வந்து விழுகிறதோ, அந்த நிலம் இனி ஆங்கிலேயருடையது என்று எழுதினார்கள்.

லயத்துக் கூரையை நினைத்துப் பாருங்கள். முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுகிற மழை முன்வாசலுக்கு வரும், அந்தப் பக்கம் விழுவது பின்கட்டுக்குப் போகும். நிலத்திலும் அப்படி ஒரு முகடு உண்டு. அந்த முகட்டைத்தான் எல்லையாக வைத்துப் பேசினார்கள். எல்லை ஆற்றைத் தாண்டித் தெற்கே போய்விட்டது. இன்றும் ஆற்றுக்குத் தென்கரையில் சுங்கை ஆச்சே போன்ற ஊர்கள் பினாங்கைச் சேர்ந்தவையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

நேயர்களே, டிரான்ஸ்கிரியான் தோட்டம் என்ற பெயரை நம் மக்கள் எவ்வளவு காலமாகச் சொல்லி வருகிறார்கள்! அந்தப் பெயருக்குக் கிரியானுக்கு அப்பால் என்பதுதான் பொருள். சரித்திரப் புத்தகத்தில் படிக்க வேண்டிய செய்தி நம் வாயிலேயே குடியிருக்கிறது.

1900-ஆம் ஆண்டு வாக்கில் இந்த ஆற்றங்கரையில் ஒருவர் நின்றிருந்தால் என்ன பார்த்திருப்பார்? நிபோங் தெபால் நேரடி ஆங்கிலக் குடியேற்ற நாட்டில் இருந்தது. பாரிட் புந்தார், சுல்தானைக் கொண்ட பேராக்கில் இருந்தது. அங்கே ஆங்கில ரெசிடென்ட் சொல்வதே நடந்தது. பண்டார் பாரு, சயாம் அரசரின் மேலாதிக்கத்துக்கு உட்பட்ட கெடாவில் இருந்தது. 1909-ல் பாங்காக்கில் செய்த உடன்படிக்கைக்குப் பிறகே கெடா ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஓர் ஆற்றின் இரு கரையில் மூன்று ஆட்சிகள்!

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இந்த எல்லைக்குள்தான் நம் முன்னோர் கரும்பு வெட்டினார்கள். பத்து காவான், கலிடோனியா, பைராம் என்ற தோட்டங்களெல்லாம் முதலில் கரும்புத் தோட்டங்களே. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள் சேற்று நிலத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போவது சட்டப்படி குற்றமாக இருந்தது. வந்த கடன் தீருமட்டும் அவர்கள் கட்டுண்டவர்கள். தங்களைக் கட்டிய சட்டம் எந்த எல்லையோடு முடிகிறது என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? 1910-ல் அந்த ஒப்பந்த முறை ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பருக்குப் பின் செம்பனை வந்தது.

இப்போது பல தோட்டங்கள் தொழிற்சாலைகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவிட்டன. 2014-ல் இரண்டாவது பாலம் திறந்தபின் பத்து காவானின் முகமே வேறு. தோட்டம் போனால் பெயரும் போய்விடும். பெயர் போனால், தாத்தா எங்கே உழைத்தார் என்று பேரப்பிள்ளை கேட்கும்போது சொல்ல ஆளிருக்காது.

ஆகையால் ஒரு விடுமுறை நாளில் பாட்டியையோ தாத்தாவையோ உடன் அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். நிபோங் தெபால் நிலையத்தில் ரயிலேறினால் ஆற்றைக் கடந்து பாரிட் புந்தாரில் இறங்கலாம். அங்கே மணிக்கூண்டைப் பாருங்கள். 1906-ல் முடிந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தால் பச்சைப்பசேலென்று விரிந்த வயல்களைப் பாருங்கள். பொழுது சாய்ந்தபின் படகில் போனால், கரையோர மரங்களில் மின்மினிகள் மின்னுவதையும் பார்க்கலாம்.

போகும் வழியில் பெரியவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள்? அது ஆற்றுக்கு எந்தப் பக்கம், எந்த மாநிலம்? அங்கிருந்து ஏன் வந்தீர்கள்? பதிலைப் பிள்ளைகளின் கையால் ஒரு நோட்டில் எழுத வையுங்கள். பிறப்புப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டு எது இருந்தாலும் அதோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். எல்லையை மாற்றியவர்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் வியர்வை சிந்தியவர்களின் கதையை நாம்தான் எழுத வேண்டும்.