பழைய வீட்டுக் கணனிக்கு ஏற்ற திரை

1980களில் வெளிவந்த வீட்டுக் கணனிகள் பலவற்றுக்குத் தமக்கெனத் திரை கிடையாது. விலை குறைதற்பொருட்டு, வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியையே திரையாகக் கொள்ளுமாறு அவை ஆக்கப்பட்டன. 1982 இல் இங்கிலாந்தில் வெளிவந்த சிங்கிளேயர் ஸ்பெக்ரமும், அதே ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த கொமடோர் 64 உம் இவ்வகையின. ரூபவாகினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியதும் அவ்வாண்டு பெப்ரவரி 15 ஆந் திகதியே. எனினும் அக்கணனிகள் தத்தம் நாட்டு ஒளிபரப்பு முறைக்கே அமைந்தவை. கொழும்புப் பெட்டியோ இலங்கை முறைக்கு அமைந்தது. இரண்டும் பொருந்தாவிடத்து, குறையற்ற கணனியும் பழுதென்று தள்ளப்படுகின்றது.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டு அலுமாரியில் இத்தகைய கணனியொன்று கிடக்குமாயின், அது இலண்டன் உறவினர் கொணர்ந்ததா, ரொறன்ரோ உறவினர் கொணர்ந்ததா என்பதே முதலில் ஆராயத்தக்கது. கனடாவில் வாங்கிய கொமடோரின் மின்வழங்கி 120 வோல்ற்றுக்குரியது. இலங்கையின் 230 வோல்ற்றில் அதனை நேரே செருகிவிட்டால், திரையைப் பற்றிய வினாவே பின்னர் எழாது! தக்க நிலைமாற்றி கிடைத்த பின்னரும் வேறொரு தடையுண்டு. அக்கணனி என்.ரீ.எஸ்.சி. முறைப்படி செக்கனுக்கு ஏறத்தாழ 60 முறை படத்தை வரையும், இலங்கையின் பீ.ஏ.எல். முறைக்குரியது 50. பின்னையதை மட்டும் அறிந்த பெட்டியிற் படம் உருண்டோடும். அன்றேல் நிறமிழந்து நிற்கும். இரு முறைகளையும் ஏற்கும் பெட்டியே அதற்கு வேண்டும்.

இலண்டனிலிருந்து வந்ததிற் சிக்கல் நுட்பமானது. இங்கிலாந்தும் இலங்கையும் பீ.ஏ.எல். முறையையே கைக்கொண்டன. ஆதலின் 36 ஆம் அலைவரிசையிற் கொமடோரின் படம் செவ்வனே தோன்றும். ஒலி மட்டும் வாராது. காரணம் யாது? படக் காவியலைக்கும் ஒலிக் காவியலைக்கும் இடையேயுள்ள தூரம் இங்கிலாந்தில் 6 மெகாஹேட்ஸ், இலங்கையில் 5.5. பெட்டி ஒலியைத் தேடும் இடத்தில் ஒலி இல்லை. இதனையறியாதார் ஒலிச்சில்லு எரிந்ததென முடிவுகட்டி அதனைக் கழற்ற முற்படுவர். அச்சில்லு இன்று உற்பத்தியாவதில்லை. கணனியின் பின்புறத்துப் பட-ஒலித் துளையிலிருந்து பெட்டியின் ஏ.வி. துளைக்கு நேரே கம்பியிட்டால், காவியலை என்பதே இடையில் இராது. ஒலியும் கேட்கும், படமும் தெளியும். ஸ்பெக்ரத்தின் முதல் வடிவத்துக்கு ஒலிபெருக்கி உள்ளேயே இருத்தலால் இவ்வையம் எழுவதில்லை.

அடுத்து நோக்கத்தக்கது பயன். விளையாட்டுக்கு நிறம் வேண்டும். எழுத்துக்குக் கூர்மை வேண்டும். 1981 இல் வெளிவந்த பீ.பீ.சீ. மைக்குரோ ஒரு வரியில் 80 எழுத்துக்களைக் காட்டவல்லது. அதற்கு ஒரு கோட்டில் 640 புள்ளிகள் வேண்டும். ஒரு கோடு 64 மைக்குரோசெக்கன். அதிற் புள்ளிகளுக்குரியது 40. எனவே செக்கனுக்கு 160 இலட்சம் புள்ளிகள். ஒளியும் இருளும் மாறிமாறி வரின் 8 மெகாஹேட்ஸ் மீடிறன் எழும். தொலைக்காட்சிப் படத்துக்கு வகுத்த அகலமோ 5 மெகாஹேட்ஸ் மாத்திரமே. எழுத்துக்கள் ஒன்றோடொன்று கரைவது இதனாலேயே. கண்ணாடியை மாற்றிப் பயனில்லை. பச்சை நிறத்தில் மட்டும் ஒளிரும் பழைய கணனித்திரை இங்கு நிறத்திரையினும் சிறந்தது. மைக்குரோவின் படத்துளையும் இயல்பாகக் கறுப்பு வெள்ளைச் சைகையையே தருகின்றது.

புதிய திரையே நல்ல திரை என எண்ணுவாருமுளர். 1987 இல் ஐ.பி.எம். கொணர்ந்த வீ.ஜீ.ஏ. முறையில் செக்கனுக்கு ஏறத்தாழ 31,500 கோடுகள். பழைய வீட்டுக் கணனி தருவதோ 15,625. ஆதலின் வீ.ஜீ.ஏ. திரைகளிற் பெரும்பாலானவை இச்சைகையை ஏற்கமாட்டா. ஏ.வி. துளையுள்ள தட்டைத் தொலைக்காட்சி ஏற்கும். ஆயினும் ஒற்றைக் கோடுகளும் இரட்டைக் கோடுகளும் மாறிமாறி வருவதாகக் கருதி அவற்றை ஒன்றிணைக்க முயலும். கணனியோ ஒவ்வொரு முறையும் அதே கோடுகளையே வரைகின்றது. அசையும் உருவங்கள் விளிம்பு சிதைவது இதனாலாம்.

கொழும்பில் விளையாட்டுக்கு உகந்தது ஏ.வி. துளையுள்ள 14 அங்குலக் குழாய்ப் பெட்டியே எனலாம். கடற்கரையை அண்டிய வீடுகளில் உப்புக்காற்று துளைகளை அரித்திருக்கும். அவற்றை முதலிற் பார்த்தல் வேண்டும். மின்னை நிறுத்திய பின்னரும் குழாயில் பல்லாயிரம் வோல்ற்று தங்கியிருக்கக்கூடுமாதலின், பின்மூடியைத் திறப்பது தேர்ந்த திருத்துநர்க்கே உரியது. பழைய பெட்டி வாங்கச் செல்வோர் கணனியையும் அதன் கம்பியையும் உடன்கொண்டு சென்று, கடையிலேயே அரைமணி நேரம் இயக்கிப் பார்ப்பது நன்று. சூடேறிய பின்னரே சில குழாய்கள் தம் குறையைக் காட்டும்.