மேசைமேல் ஒரு வான்போர்

‘விங்ஸ் ஆஃப் வார்’ முதல் உலகப்போரின் விமானச் சண்டையை மேசைமேல் நடத்தும் இத்தாலிய விளையாட்டு. 2004இல் அட்டை வடிவில் வெளிவந்தது; சிறு மாதிரி விமானங்கள் பின்னர் சேர்ந்தன.

நண்பர்கள் இருவர் ஆளுக்கொரு விமானத்துடன் எதிரெதிரே அமர்வர். சுற்றுக்கு மூன்று நகர்வு அட்டைகளை மறைவாகத் தேர்ந்து அடுக்குவர். பின் ஒவ்வோர் அட்டையாக இருவரும் ஒரே நேரத்தில் திறந்து, அதிலுள்ள அம்புக்குறி வழியே விமானத்தை நகர்த்துவர். எதிரி விமானம் சுடும் தொலைவில் உள்ளதா என்பதை அளவுகோலால் அறிவர். பகடை கிடையாது. நண்பர் எப்பக்கம் திரும்புவார் என்று ஊகிப்பதே ஆட்டம். திசை, கோணம், தொலைவு ஆகியவற்றைக் கணிக்கும் பயிற்சி இதில் கிடைக்கிறது. அட்டைத்தாளில் அம்புக்குறிகள் வரைந்து இதன் எளிய வடிவத்தை வகுப்பறையிலேயே ஆடலாம்.

ஆடியபின் இந்திரலால் ராயைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் பிறந்து பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்த அவர், பத்து வான்வெற்றிகள் பெற்றவர். 1918 ஜூலை 22இல் பிரான்சின் வானில் வீழ்த்தப்பட்டபோது அவருக்கு வயது 19. அன்று பிரிட்டிஷ் போர் விமானிகளுக்குப் பாராசூட் வழங்கப்படவில்லை. பத்தாம் வகுப்பில் முதல் உலகப்போர் பாடம் நடத்தும்போது இதையும் பேசினால், போர் விளையாட்டல்ல என்பது மாணவர்களுக்குப் புரியும்.